கூப்பர் என்றால் எந்தக் கூப்பர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூப்பர் என்றதும் ஒருவருக்குக் கார் நினைவுக்கு வருகிறது, இன்னொருவருக்கு இயற்பியல் பாடம், மற்றொருவருக்கு 12 நிமிட ஓட்டம். இவை எல்லாம் வெவ்வேறு மனிதர்கள். ஒருவர் செய்ததை இன்னொருவர் கணக்கில் எழுதிவிடும் பிழை தமிழ்க் கட்டுரைகளிலும் வினாடி வினாக்களிலும் திரும்பத் திரும்ப வருவதால், கேட்கப்படும் சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம்.

கூப்பர்னா காப்பர், அதாவது செம்பு வேலை செய்றவங்களா?

இல்லை. கூப்பர் என்றால் மரப் பீப்பாய் செய்பவர். தொட்டி, பீப்பாய் என்று பொருள்படும் 'கூப்பா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து டச்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த பெயர் இது. செம்புக்கான ஆங்கிலச் சொல் சைப்ரஸ் தீவின் பெயரிலிருந்து வந்தது. காதில் ஒன்றுபோல் விழுவதைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. நான்காம் கேள்வியில் வருகிறது.

நம் 'பீப்பாய்' என்ற சொல்லும் கடல் கடந்து வந்ததுதான். போர்த்துக்கீசியர் தம் பெரிய மிடாக்களைச் சொன்ன 'பீப்பா' தமிழில் பீப்பாய் ஆயிற்று.

பீப்பாய் செய்றது என்ன அவ்வளவு பெரிய வேலையா? குடும்பப் பேரே ஆகுற அளவுக்கு?

ஆம், பெரிய வேலைதான். தகரமும் பிளாஸ்டிக்கும் வராத காலத்தில் பீர், ஒயின், எண்ணெய், உப்பிட்ட இறைச்சி, மீன், மாவு, வெடிமருந்து, கப்பலுக்குக் குடிநீர் என எல்லாமே பீப்பாயில்தான் போயின. துறைமுகமோ மதுவடிப்பு ஆலையோ இருந்த ஊரில் கூப்பர் இல்லாமல் முடியாது. திரவத்துக்குப் பீப்பாய் செய்பவர், மாவு போன்ற உலர்ந்த சரக்குக்குச் செய்பவர், வாளியும் வெண்ணெய் கடையும் தொட்டியும் செய்பவர் என்று அதற்குள்ளேயே பிரிவுகள் இருந்தன. லண்டன் கூப்பர்கள் சங்கம் 1501-இல் ஏழாம் ஹென்றி மன்னரிடம் சாசனம் பெற்றது.

வேலை இப்படி நடக்கும். ஓக் மரத்தை ரேகை வாக்கில் பிளந்து பலகை எடுத்து, வெயில் மழையில் 2, 3 ஆண்டு அடுக்கி வைத்து ஆறவிடுவார்கள். பிறகு ஒவ்வொரு பட்டையையும் நடுவில் அகலமாகவும் இரு முனையில் ஒடுக்கமாகவும், வெளிப்பக்கம் குவிந்தும் உட்பக்கம் குழிந்தும் இருக்கும்படி செதுக்க வேண்டும். பக்கவாட்டு விளிம்பைச் சாய்வாகச் சீவ வேண்டும். அப்போதுதான் பட்டைகள் வட்டமாக நிற்கும்போது இடைவெளி விழாது. இந்தச் சாய்வைப் பெரும்பாலும் கண்மட்டத்திலேயே பிடிப்பார்கள். ஒரு பட்டையில் பிசகினாலும் பீப்பாய் கசியும். பட்டைகளை ஒரு வளையத்துக்குள் நிறுத்தினால் பாவாடை விரிந்தது போல நிற்கும். உள்ளே சிறு தீ மூட்டி, வெளியே தண்ணீர் தெளித்து, மரம் சூட்டில் இளகியதும் விரிந்த முனைகளை இழுத்துச் சேர்த்து அடுத்தடுத்த வளையங்களைச் சுத்தியால் இறக்குவார்கள். இரு முனையிலும் உட்புறம் காடி வெட்டி மூடிப் பலகையைப் பொருத்துவார்கள். இடுக்குகளில் காய்ந்த கோரையை வைத்து அடைப்பதுண்டு. ஆணியும் பசையும் கிடையாது. உள்ளே ஊற்றிய திரவத்தைக் குடித்து மரம் உப்பி, தானே இறுகிக்கொள்ளும். அதனால்தான் வெறும் பீப்பாயை வெயிலில் போட்டுவைத்தால் பட்டைகள் சுருங்கி வளையங்கள் கழன்றுவிடும். மறுபடி நிரப்புமுன் தண்ணீரில் ஊறவைத்தே ஆக வேண்டும்.

அந்தத் தொப்பை அழகுக்காக வைத்தது அன்று. பிரிட்டனின் முழு பீர்ப் பீப்பாய் 36 காலன், அதாவது சுமார் 164 லிட்டர். நிரம்பினால் எடை 200 கிலோவைத் தாண்டும். நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடுவதால் ஒரே ஆள் அதை உருட்டலாம், நினைத்த பக்கம் திருப்பலாம். அரைப் பீப்பாய் 18 காலன், கால் பீப்பாய் 9 காலன்.

அப்போ எல்லா கூப்பரும் ஒரே வம்சமா, சொந்தக்காரங்களா?

இல்லை. இங்கிலாந்தில் பரம்பரைக் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் 12 முதல் 14-ஆம் நூற்றாண்டுக்குள் நிலைபெற்றன. பீப்பாய் செய்பவர் ஊருக்கு ஊர் இருந்ததால், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு இதே பெயர் தனித்தனியாக வந்து சேர்ந்தது. ஸ்மித், டெய்லர், பேக்கர் எல்லாம் இப்படித்தான். இரண்டு கூப்பர்கள் உறவினர் என்று எழுத வேண்டுமானால் பெற்றோர் பெயர் தெரிந்திருக்க வேண்டும். குடும்பப் பெயர் சாட்சி ஆகாது.

கூப்பர்னு பேர் இருந்தா முன்னோர் பீப்பாய் செஞ்சவங்கதான்னு உறுதியா சொல்லலாமா?

சொல்ல முடியாது. பெயர் பரம்பரையாகிவிட்ட பிறகு தொழில் மாறிக்கொண்டே போனது. 1620-இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிகளை ஏற்றிச் சென்ற மேஃப்ளவர் கப்பலில் பீப்பாய்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்ட உண்மையான கூப்பரின் பெயர் ஜான் ஆல்டன்.

பெயர் வேறு வழிகளிலும் வரும். ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா வந்த யூதக் குடும்பங்களில் சில, குப்ஃபர் என்ற தங்கள் பெயரை ஆங்கில வாய்க்கு ஏற்பக் கூப்பர் ஆக்கிக்கொண்டன. குப்ஃபர் என்றால் ஜெர்மனில் செம்பு. ஆக, அந்தக் குடும்பங்களைப் பொறுத்தவரை முதல் கேள்வியில் 'இல்லை' என்றது 'ஆம்' ஆகிவிடுகிறது!

திருமணத்தால் பெற்றவரும் உண்டு. 1858-இல் வட கரோலினாவின் ராலேயில் அடிமையாகப் பிறந்த அன்னா ஜூலியா, கணவர் ஜார்ஜ் கூப்பர் வழியாக அந்தப் பெயரைப் பெற்றார். இளம் வயதில் கணவரை இழந்தார். ஆசிரியராகவும் பள்ளித் தலைவராகவும் உழைத்து, 60 வயதைக் கடந்த பிறகு 1925-இல் பாரிஸின் சொர்போன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். 105 வயது வரை வாழ்ந்தார். கூப்பர்கள் பட்டியல் எதைப் போட்டாலும் இவர் பெயர் முதல் சிலவற்றில் இருக்க வேண்டும், பலவற்றில் இல்லை.

ராக் பாடகர் ஆலிஸ் கூப்பர் பெண் அல்லர். இயற்பெயர் வின்சென்ட் ஃபர்னியர். ஆலிஸ் கூப்பர் என்பது முதலில் இசைக்குழுவின் பெயர். பிறகு அதையே அவர் தன் பெயராக்கிக்கொண்டார்.

மினி கூப்பர் காரைக் கண்டுபிடிச்சவர்தானே கூப்பர்?

மினியை வடிவமைத்தவர் அலெக் இஸ்ஸிகோனிஸ். அது 1959-இல் வந்தது. ஜான் கூப்பர் (1923–2000) பந்தயக் கார் செய்தவர். அந்தச் சின்னக் காரின் லாவகத்தைப் பார்த்து, இதைப் பந்தயத்துக்கேற்பத் தேற்றலாம் என்று அவர் வற்புறுத்தியதால் 1961-இல் மினி கூப்பர் பிறந்தது. 848 சிசி என்ஜின் 997 சிசி ஆயிற்று. இரட்டைக் கார்புரேட்டரும் முன்சக்கர டிஸ்க் பிரேக்கும் சேர்ந்தன. மான்டி கார்லோ ராலி என்ற கார்ப் பந்தயத்தை மினி கூப்பர் எஸ் 1964, 1965, 1967 ஆண்டுகளில் வென்றது.

ஜான் கூப்பரின் பெரிய சாதனை வேறு. அவரும் தந்தை சார்லஸும் போருக்குப் பிறகு 500 சிசி மோட்டார் சைக்கிள் என்ஜினை வைத்துச் சிறு பந்தயக் கார் கட்டினார்கள். சங்கிலியால் பின்சக்கரத்தை ஓட்ட வேண்டியிருந்ததால் என்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தார்கள். வசதிக்காகச் செய்த அந்த ஏற்பாடு காரின் சமநிலையையே மாற்றிவிட்டது. 1959, 1960 ஆண்டுகளில் ஜாக் பிராபம் கூப்பர் காரில் ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் வென்றார். சில ஆண்டுகளிலேயே முன்னால் என்ஜின் வைத்த கார்கள் அந்தப் பந்தயத்திலிருந்து மறைந்தன.

செல்போன் கூப்பரும் சூப்பர் கண்டக்டர் கூப்பரும் ஒரே ஆளா?

வேறு வேறு ஆட்கள். மார்ட்டின் கூப்பர் மோட்டோரோலா நிறுவனப் பொறியாளர். 1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க்கில் தெருவில் நின்றபடி, போட்டி நிறுவனமான பெல் லேப்ஸின் ஜோயல் எங்கலை கையடக்கத் தொலைபேசியில் அழைத்தார். கருவியின் எடை 1 கிலோவுக்கும் சற்று அதிகம். கடைக்கு வர மேலும் 10 ஆண்டு ஆயிற்று. 1983-இல் அதன் விலை 3,995 டாலர். காரில் பொருத்திய தொலைபேசி அதற்கு முன்பே இருந்தது. ஆகவே 'முதல் செல்போன்' என்பதைவிட 'முதல் கையடக்க செல்போன்' என்று எழுதுவதுதான் சரி. அதுவும் ஒரு குழுவின் வேலை.

லியோன் கூப்பர் (1930–2024) இயற்பியலாளர். பாதரசத்தைச் சுமார் 4.2 கெல்வினுக்கு (மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்) குளிர்வித்தால் மின்தடை அறவே போய்விடுகிறது என்று 1911-இல் டச்சு இயற்பியலாளர் காமர்லிங் ஓன்னஸ் கண்டார். இப்படித் தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துவதுதான் சூப்பர் கண்டக்டர். ஏன் என்பது பல பத்தாண்டுகள் புரியவில்லை. ஒரே மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரான்கள் விலக்கிக்கொள்ள வேண்டியவை. ஆனால் ஒரு எலக்ட்ரான் கடந்து போகும்போது படிகத்தின் நேர் அயனிகள் அதன் பக்கம் லேசாகச் சாய்கின்றன. அந்தச் சாய்வு இன்னொரு எலக்ட்ரானை ஈர்க்கிறது. இப்படி இரண்டு எலக்ட்ரான்கள் இணை சேர முடியும் என்று 1956-இல் லியோன் கூப்பர் காட்டினார். அதுதான் கூப்பர் இணை. பிணைப்பு மிகமிக மெல்லியது. கொஞ்சம் வெப்பம் ஏறினாலும் இணை பிரிந்துவிடும், அதனால்தான் அத்தனை குளிர் தேவை. 1957-இல் பார்டீன், ஷ்ரீஃபருடன் முழுக் கோட்பாட்டைத் தந்தார்; மூவருக்கும் 1972 நோபல் பரிசு கிடைத்தது.

கூப்பர் டெஸ்ட்டை எப்படிச் செய்யணும்? இது எந்தக் கூப்பர்?

இது கென்னத் கூப்பர், அமெரிக்க விமானப்படை மருத்துவர். 1968-இல் வெளியிட்ட முறை. 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓடுகிறீர்கள் என்பதை வைத்து உடல் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்று கணிப்பது. கால்பந்து நடுவர்களுக்கு நீண்ட காலம் இதுவே தகுதித் தேர்வாக இருந்தது.

400 மீட்டர் ஓடுதளம் வேண்டும். 10 நிமிடம் உடலைச் சூடாக்கிக்கொண்டு, 12 நிமிடம் ஓடி, விசில் ஊதிய இடத்தில் நின்று மொத்த மீட்டரை எண்ணுங்கள். அதிலிருந்து 504.9 கழித்து 44.73-ஆல் வகுத்தால், ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் என்ற விடை வரும். 2,400 மீட்டர் ஓடியவருக்கு 42.4. கணக்கு கெடுவது பெரும்பாலும் முதல் சுற்றில்தான்: துள்ளி ஓடிவிட்டுப் பாதியில் நடப்பவருக்கு உண்மையான திறனைவிடக் குறைவாகத்தான் காட்டும். சீரான வேகம் முக்கியம். உச்சி வெயிலில் செய்யாதீர்கள். இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்யவே கூடாது.

மெடிக்கல் புத்தகத்துல 'கூப்பர் லிகமென்ட்' மார்பகத்துலயும் வருது, ஹெர்னியாவுலயும் வருது. எது சரி?

இரண்டும் சரி. இரண்டும் ஒரே ஆள் பெயரில் உள்ளவை: லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் (1768–1841). மார்பகத் திசுவைத் தாங்கும் இழைகளும், இடுப்பெலும்பின் விளிம்பில் குடலிறக்க அறுவையின்போது தையல் போட உதவும் உறுதியான பட்டையும் அவர் விவரித்தவை. எந்தப் பாடம் என்று பார்த்து எழுதுங்கள். மயக்க மருந்து இல்லாத 1817-இல் வயிற்றுப் பெருந்தமனியையே கட்டிப் பார்த்தவர் அவர், நோயாளி பிழைக்கவில்லை.

இன்னொரு குழப்பம் 'கூப்பர் சுரப்பி'. அது வில்லியம் கௌப்பர் (1666–1709) என்ற வேறு உடற்கூறியலாளர் பெயரில் உள்ளது. ஆங்கிலத்தில் எழுத்து வேறு, உச்சரிப்பு மட்டும் கூப்பர். தமிழில் எழுத்தை ஒட்டி 'கௌப்பர்' என்று எழுதிவிட்டால் குழப்பமே வராது.

ஆண்டனி ஆஷ்லி கூப்பர்னு ஒருத்தர் 1600லயும் வர்றார், 1800லயும் வர்றார். எப்படி?

அது ஒரு பரம்பரைப் பெயர். ஷாஃப்ட்ஸ்பரி பிரபுக் குடும்பத்தில் மூத்த மகனுக்கு அதே பெயரைத் தலைமுறைதோறும் வைத்தார்கள். எத்தனையாவது பிரபு என்ற எண் இல்லாமல் அந்தப் பெயருக்கு அர்த்தமே இல்லை. முதலாம் பிரபு (1621–1683) அரசியல்வாதி. அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் சேரும் ஆஷ்லி, கூப்பர் ஆறுகள் அவர் பெயர் தாங்கியவை. மூன்றாமவர் தத்துவவாதி. ஏழாமவர் (1801–1885) சுரங்கங்களில் பெண்களையும் சிறு பிள்ளைகளையும் இறக்கக் கூடாது என்று 1842-இல் சட்டம் கொண்டுவந்தவர்; ஆலைகளில் பெண்களுக்கும் சிறார்களுக்கும் 10 மணி நேர வேலை என்ற 1847-ஆம் ஆண்டுச் சட்டத்துக்காகப் பல ஆண்டு போராடியவர்.

விமானத்துலருந்து குதிச்ச டி.பி. கூப்பர் யாரு?

அவர் உண்மைப் பெயர் கூப்பர்தான் என்பதற்கு ஆதாரமே இல்லை. 1971 நவம்பர் 24 அன்று 'டான் கூப்பர்' என்று பெயர் கொடுத்துப் போர்ட்லண்டில் விமானச் சீட்டு வாங்கினார். வெடிகுண்டு இருப்பதாக மிரட்டி, சியாட்டிலில் 2 லட்சம் டாலரும் 4 பாராசூட்டும் பெற்று, இரவில் போயிங் 727-இன் பின்படி வழியாகக் குதித்தார். 'டி.பி.' என்பது செய்தியாளர்கள் வழியே பரவிய தவறு. 1980-இல் கொலம்பியா ஆற்றங்கரை மணலில் அந்தப் பணத்தில் 5,800 டாலர் ஒரு சிறுவன் கையில் கிடைத்தது. ஆள் யாரென்று இன்றுவரை தெரியவில்லை; 2016-இல் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ விசாரணையை நிறுத்தியது. ஆகவே இவரைக் கூப்பர் குடும்பப் பெயர்ப் பட்டியலில் சேர்க்கக் கூடாது.

இந்தியாவுல கூப்பர் உண்டா?

உண்டு, பார்சிகளிடம். ஆங்கிலேயர் காலத்தில் பார்சிக் குடும்பங்கள் பல ஆங்கிலத் தொழிற்சொற்களையே குடும்பப் பெயராக்கிக்கொண்டன. கிரிக்கெட் வீரர்கள் ஃபரூக் என்ஜினியர், நாரி கான்ட்ராக்டர் பெயர்கள் நமக்குத் தெரிந்தவைதானே. மும்பையின் கூப்பர் மருத்துவமனை ருஸ்தம் நர்சி கூப்பர் பெயரில் உள்ளது. 1937 ஏப்ரல் முதல் ஜூலை வரை பம்பாய் மாகாணத்தின் பிரதமராக (இன்றைய முதலமைச்சர் போன்ற பதவி) இருந்தவர் தன்ஜிஷா கூப்பர். அவருக்குப் பின் பி.ஜி. கேர் வந்தார்.

இன்னொரு கூப்பரையும் நாம் மறக்கக் கூடாது. 1857-இல் அமிர்தசரஸ் துணை ஆணையர் ஃபிரடெரிக் கூப்பர். லாகூர் பக்கமிருந்து தப்பி வந்த 26-ஆம் காலாட்படை சிப்பாய்களைப் பிடித்து, அஜ்னாலாவில் ஆகஸ்ட் 1 அன்று 237 பேரைச் சுட்டுக் கொல்ல வைத்தார். அடைத்து வைத்த சிற்றறையில் மூச்சுத் திணறி 45 பேர் இறந்தனர். எல்லோரையும் ஒரு பாழுங்கிணற்றில் தள்ளினர். அதைப் பெருமையாகத் தானே எழுதியும் வைத்தார். 2014-இல் அந்தக் கிணற்றைத் தோண்டி எலும்புகளை எடுத்தார்கள்.

'வில்லியம் கூப்பர்'னு தேடினா நாலஞ்சு பேர் வர்றாங்க. யார் யாரு?

ஆண்டையும் நாட்டையும் வைத்துப் பிரியுங்கள். நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் ஊரை நிறுவியவர் ஒரு வில்லியம். 'தி லாஸ்ட் ஆஃப் தி மொஹிகன்ஸ்' நாவலை எழுதிய ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர் (1789–1851) அவர் மகன். கூப்பர் பருந்துக்கு 1828-இல் பெயர் கிடைக்கக் காரணமான இயற்கையியலாளர் இன்னொரு வில்லியம்.

மூன்றாமவர்தான் நாம் அதிகம் அறிய வேண்டியவர்: ஆஸ்திரேலியப் பழங்குடியினரான யோர்த்தா யோர்த்தா மக்களின் தலைவர் வில்லியம் கூப்பர், 1941-இல் மறைந்தார். நாடாளுமன்றத்தில் தம் மக்களுக்கு ஓர் இடம் கேட்டு, பிரிட்டிஷ் மன்னருக்கு 1,814 கையெழுத்துத் திரட்டினார். ஆஸ்திரேலிய அரசு அதை அனுப்பவேயில்லை. சொந்த நாட்டில் குடியுரிமை முழுதாக இல்லாத நிலையில், 1938 டிசம்பர் 6 அன்று மெல்பர்னில் ஜெர்மன் துணைத் தூதரகத்துக்கு நடந்து போய், யூதர்கள் மீதான கொடுமையைக் கண்டித்து மனு நீட்டினார், வாங்க மறுத்தார்கள். அவர் சகோதரி ஏடாவை மணந்தவர், மொரிஷியஸில் பிறந்த இந்திய வம்சாவளி ஆசிரியர் தாமஸ் ஷட்ராக் ஜேம்ஸ். அவர் பள்ளியில் படித்த பிள்ளைகள்தான் பின்னாளில் பழங்குடியினர் உரிமைப் போராட்டத்தை முன்னெடுத்தனர். மெல்பர்னில் ஒரு நாடாளுமன்றத் தொகுதிக்கு 2019 தேர்தலிலிருந்து கூப்பர் என்று பெயர்.

மத்த மொழிகள்ல இதே தொழிலுக்குப் பேர் என்ன?

டச்சில் கைப்பர்: நெப்டியூனுக்கு அப்பாலுள்ள கைப்பர் பட்டைக்குப் பெயர் தந்த வானியலாளர் ஜெரார்ட் கைப்பர். ஜெர்மனில் ஃபாஸ்பிண்டர், ஹங்கேரியில் காதார், உக்ரைனில் போந்தார். அதிலிருந்து வந்தவை போந்தார்ச்சுக், போந்தாரென்கோ. ஆங்கிலத்திலேயே ஹூப்பர் என்றால் பீப்பாய் வளையம் செய்பவர். இவர்கள் எல்லோரும் ஒரே பட்டறையின் வெவ்வேறு மொழிப் பிள்ளைகள்.

தமிழ்ல எழுதும்போது வெறும் 'கூப்பர்'னு போட்டா போதாதா?

போதாது. நமக்குக் கடைசியில் வருவது சொந்தப் பெயர், முன்னால் வருவது தலைப்பெழுத்து. அந்தப் பழக்கத்தில் 'எல். கூப்பர்', 'எம். கூப்பர்' என்று சுருக்கிவிடுகிறோம். அங்கே அடையாளம் முன்பெயரில் இருக்கிறது. சுருக்கியதும் ஆள் தொலைந்துவிடுகிறார். முதல் முறை முழுப் பெயர், அடைப்பில் பிறப்பு இறப்பு ஆண்டு, துறையைச் சொல்ல ஒரு சொல்: 'விண்வெளி வீரர் கார்டன் கூப்பர் (1927–2004)' என்பது போல. படம் போடுமுன் ஆண்டைச் சரிபாருங்கள். ஆஸ்ட்லி கூப்பர், நியூயார்க்கில் 1859-இல் கூப்பர் யூனியன் கல்லூரியை நிறுவிய பீட்டர் கூப்பர் (1791–1883) இருவர் படங்களையும் மாற்றிப் போட்டுவிட எளிது. ஆஸ்ட்லிக்கு ஓவியம் அல்லது செதுக்குப் படம்தான் இருக்க முடியும். புகைப்படம் இருந்தால் அது அவர் அல்லர்.